காடர் வைத்தியரிடம் மாமாவைக் கூட்டிப் போகலாமா?

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தாய்மாமாவுக்கு மஞ்சள் காமாலை. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதற்குள் வீட்டில் பெரியவர்கள், ஆனைமலையில் காடர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு வைத்தியர் இருக்கிறார், மூன்று நாள் பச்சிலை கொடுத்தால் மஞ்சள் இறங்கிவிடும் என்கிறார்களாம். இவர் அமேசான் காட்டு வைத்தியர்களைப் பற்றி ஏதோ வீடியோவும் பார்த்திருக்கிறார். 'மழைக்காட்டு மக்களின் மூலிகை அறிவு உண்மையா, வெறும் நம்பிக்கையா? உண்மை என்றால் அந்தச் செடிகளை வாங்கிவந்து நம்ம தோப்பிலேயே வைக்கலாமா?' என்று முடித்திருக்கிறார்.

எழுதியது இரண்டு கேள்வி என்றாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. ரிசல்ட் வருவதற்கு முன்னால் மாமாவை மலைக்குக் கூட்டிப் போகலாமா என்பது முதலாவது, அவசரமானதும் அதுதான். அந்த மக்களுக்குச் செடிகளைப் பற்றி நிஜமாகவே தெரியுமா என்பது இரண்டாவது. தெரியும் என்றால் அவர்கள் கொடுக்கும் மருந்தெல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தமா என்பது மூன்றாவது. பின்னிரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு கட்சி 'எல்லாம் மூடநம்பிக்கை' என்கிறது, இன்னொரு கட்சி 'விஞ்ஞானம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை' என்கிறது.

நான் கொங்குப் பக்கம் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனைமலை மேலேயும் அடிவாரத்திலும் காடர், மலசர், முதுவர், புலையர், இந்தப் பக்கம் மருதமலை, ஆனைகட்டி இருளர் என்று பலரோடு செடி பார்த்துத் திரிந்திருக்கிறேன். செடியைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். நோயைப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

முதலில் மாமா. ரிசல்ட் வரட்டும், அதுவரை எந்தப் பச்சிலையும் வேண்டாம். காரணம் சொல்கிறேன். மஞ்சள் காமாலை என்பது ஓர் அடையாளம்தான். பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை ஈரல் வெளியேற்ற முடியாமல் போனால் கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகும். ஏன் முடியாமல் போனது என்பதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் நம்மிடம் சாதாரணம். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் இதே மஞ்சள்தான். கணையத்தில் கட்டி வந்தாலும் இதே மஞ்சள்தான். எலிக்காய்ச்சல், குடி, காசநோய் மாத்திரை எதனாலும் வரலாம். அடைப்பைப் பச்சிலை நீக்காது. எலிக்காய்ச்சலுக்கு ஆண்டிபயாட்டிக்கைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். மாமா தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரிப்பு என்றால் அடைப்பாக இருக்கலாம். டாக்டரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி யாருக்காவது காமாலை என்றால் அது தனி அவசரம். ஹெபடைடிஸ் ஈ கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிரையே எடுக்கக்கூடியது.

வைத்தியர் பொய் சொல்கிறாரா? பெரும்பாலும் இல்லை. அவர் பக்கம் நின்று பாருங்கள். கண் நன்றாக மஞ்சளான பிறகுதான் ஆள் அவரிடம் வருகிறார். அந்த நேரத்தில் வைரஸ் காமாலை உச்சத்தில் இருக்கும், அதற்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். கீழாநெல்லியை மோரில் கலக்கிக் கொடுத்தாலும் இறங்கும், வெறும் மோர் கொடுத்தாலும் இறங்கும். குணமானவர் வாழைத்தாரோடு திரும்பி வருவார். குணமாகாதவர் திரும்பி வர மாட்டார், கோயமுத்தூர் போயிருப்பார். வருஷக்கணக்காக வைத்தியர் கண்ணில் பட்டதெல்லாம் குணமானவர்கள்தான்.

கீழாநெல்லியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பீர்கள். அது உதவாத செடி என்று நான் சொல்லவில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியை நாள்பட்டுச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி மூன்று வேளை, 30 நாள். கடைசிவரை தொடர்ந்து பார்க்க முடிந்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தார்கள், அந்த முடிவு திரும்ப வரவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய 2011ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, வெறும் மாத்திரையைவிட மேலானது என்று நம்பும்படியான சான்று இல்லை என்று முடித்தது. சோதனைக்கூடத்தில் அந்தச் செடிக்கு வைரஸைத் தடுக்கும் குணம் தெரிகிறது என்பது உறுதி. மனிதருக்கு ஹெபடைடிஸ் பி குணமாகிறது என்பது சந்தேகம். சாதாரணக் காமாலையைச் சீக்கிரம் குணப்படுத்துகிறதா என்பதும் சந்தேகம்தான், தானாகப் போகிற நோயில் அதை நிரூபிப்பதே கடினம். இன்னொன்று, 'கீழாநெல்லி' என்று நம்மவர்கள் பறித்து வருவது எப்போதும் ஒரே செடியாக இருப்பதில்லை. நெருங்கிய சாதிகள் மூன்று நம் நாட்டில் கலந்தே வளர்கின்றன. பழைய ஆய்வுகள் பலவற்றில் மூன்றையும் ஒரே பெயரில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. அவர்களுக்குத் தெரியுமா? சந்தேகமே வேண்டாம், தெரியும். டாப்ஸ்லிப் பக்கம் ஒரு செட்டில்மென்டில் வயதான காடர் அம்மா ஒருவர் எங்களுக்கு மரமஞ்சள் கொடி காட்டினார். காட்டுக்குள் கைப்பருமன் கொடிகள் நாலைந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இலையெல்லாம் எங்கள் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில். அந்த அம்மா இலையைப் பார்க்கவே இல்லை. கத்தியின் முதுகால் ஒரு கொடியின் தோலைக் கொஞ்சம் சுரண்டினார், முகர்ந்தார், விட்டார். அடுத்ததைச் சுரண்டினார். மூன்றாவதில் உள்ளே பளீரென்று மஞ்சள் தெரிந்தது. ஒரு துணுக்கைப் பெயர்த்துத் தன் நாக்கில் வைத்துவிட்டு, எங்கள் கையிலும் ஆளுக்கொரு துணுக்கு கொடுத்தார். அந்தக் கசப்பு மதியச் சாப்பாடுவரை போகவில்லை. வெட்டியது பக்கக் கிளையை மட்டும். தாய்க்கொடியைத் தொட்டால் தன் பேத்திக்கு இங்கே ஒன்றும் இருக்காது என்றார். பூ, காய், இலை மூன்றும் இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் செடியின் பெயர் சொல்ல வாய் வரும். அவர் பட்டையையும் வாசனையையும் வைத்தே முடித்துவிட்டார்.

அந்த மஞ்சளும் கசப்பும் பெர்பெரின் என்ற ஒரே பொருளின் வேலை. வயிற்றுப்போக்குக்கு அந்த அம்மா அதைக் கஷாயம் வைப்பார். 1980களில் வங்கதேசத்தில் பெர்பெரினை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஒருவகை ஈ. கோலை கிருமியால் வரும் பேதியில் போக்கு குறைந்தது. காலராவில் அவ்வளவு பலன் இல்லை. ஆக, மரமஞ்சளின் இந்த உபயோகத்துக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது என்று சொல்லலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலை விட்டுவிட்டு இதைக் குடிக்கலாம் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காட்டு வைத்தியம் எதை நன்றாகக் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதைச் செடியை வைத்துத் தீர்மானிக்க முடியாது, கண்ணுக்கு முன்னால் எவ்வளவு சீக்கிரம் பலன் தெரிகிறது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ரத்தம் நிற்கிறதா, பேதி கட்டுகிறதா, அரிப்பு அடங்குகிறதா, புண் ஆறுகிறதா என்பதெல்லாம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தெரிந்துவிடும். ஒரே ஊரில் நாலு தலைமுறை பார்த்தால் எது வேலை செய்கிறது என்பது நன்றாகவே பிடிபடும். தானாகப் போகிற நோயில் யார் பார்த்தாலும் ஏமாறுவார்கள், எம்.டி. படித்தவரும் ஏமாறுவார், அதனால்தான் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையே வந்தது. பத்து வருஷம் கழித்து வரும் கெடுதலை யாராலும் அன்றைய கஷாயத்தோடு முடிச்சுப் போட முடியாது.

நீங்கள் வீடியோவில் பார்த்த அமேசானும் இதற்கு விலக்கில்லை. அங்கே குரோட்டான் இன மரம் ஒன்றின் தண்டைக் கீறினால் ரத்தம் போலச் சிவப்பாகப் பால் வடியும். அந்த மக்கள் அதைப் புண்ணுக்கும் பேதிக்கும் பயன்படுத்தினார்கள், அதாவது சீக்கிரம் பலன் தெரியும் இரண்டுக்கு. 1989இல் இதற்கென்றே தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதிலிருந்து குரோஃபெலிமர் என்ற மருந்தைப் பிரித்தது. கம்பெனி நொடித்துப்போய், மருந்து கைமாறி, எச்.ஐ.வி. நோயாளிகளின் பேதிக்கு 2012 கடைசியில்தான் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நம் வேங்கை மரத்தைக் கீறினாலும் சிவப்புப் பிசின் வரும், அதுவும் துவர்ப்பு, நம் ஊரிலும் அதைப் பேதிக்குத்தான் கொடுத்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு காட்டு மக்கள் ஒரே மாதிரி முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. குரோஃபெலிமருக்கு நடந்த அளவு சோதனை வேங்கைப் பிசினுக்கு நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பத்து வருஷக் கெடுதலுக்கு உதாரணம் ஈசுரமூலி. பெருமருந்துக் கொடி, கருடக்கொடி என்றும் சொல்வார்கள். நம் அடிவாரத்திலேயே வேலியில் படர்ந்து கிடக்கும், பட்டாம்பூச்சிப் புழு மேயும். விஷக்கடிக்கு, காய்ச்சலுக்கு, வயிற்றுக்கு என்று காலங்காலமாகக் கொடுத்து வந்த மூலிகை. அதில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் இதே இனத்துச் சீனச் செடி ஒன்று ஆள் மாறிக் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது, பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. பால்கன் நாடுகளின் ஆற்றங்கரைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக முளைக்கும் இதன் உறவுச் செடிதான் காரணம் என்று தெரிந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பட்டியலில் வைத்திருக்கிறது. ஈசுரமூலி கொடுத்த வைத்தியர் யாரையும் கொல்ல நினைத்தவர் இல்லை. இன்று குடித்த கஷாயத்துக்குப் பதினைந்து வருஷம் கழித்துச் சிறுநீரகம் கெட்டால் அதை எந்தக் கண்ணால் பார்ப்பது? 'காலங்காலமாகச் சாப்பிட்டு வருகிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சு இந்த இடத்தில் செல்லாது. யாராவது கருடக்கொடி, பெருமருந்து என்று வேரோ பொடியோ கொடுத்தால் உள்ளுக்கு எடுக்காதீர்கள்.

மரமஞ்சளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால் கசப்பு மருந்து நாக்கில் தடவும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பெர்பெரின் பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் பிலிருபினைப் புரதத்திலிருந்து பிரித்துவிடும், அது மூளைக்குப் போகும். இதற்காகவே சிங்கப்பூர் 1970களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் பெர்பெரின் உள்ள சீன மூலிகைகளைத் தடை செய்து வைத்திருந்தது. குழந்தையின் காமாலைக்கு நீல விளக்கு வெளிச்சம்தான் சிகிச்சை.

பாம்புக்கடியையும் விட்டுவிட முடியாது, கொங்குநாட்டில் பச்சிலை என்றாலே பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே இல்லை. விஷப்பாம்பும் பல தடவை விஷத்தை இறக்காமல் கடிக்கும். சிறியாநங்கை இலை இனித்தால் விஷம் ஏறியிருக்கிறது, கசந்தால் இல்லை என்று ஒரு பரிசோதனை சொல்வார்கள். விஷம் ஏறாதவரை வைத்துக்கொண்டு எந்த இலை கொடுத்தாலும் வைத்தியர் ஜெயிப்பார். விஷம் ஏறியவருக்கு எந்த இலையும் விஷமுறிவு ஊசிக்கு ஈடில்லை, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் 1978இலிருந்து கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள், அந்த விஷத்திலிருந்துதான் ஊசியே தயாராகிறது. (அவர்களும் நம் ஆனைகட்டி இருளரும் பெயரில் ஒன்றே தவிர, பேச்சிலும் வாழ்க்கையிலும் வேறு.) நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான் அந்த ஊசி. வால்பாறை மழைக்காட்டில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது கேட்காது. ஊசி கேட்காது என்பதால் பச்சிலை கேட்கும் என்று ஆகிவிடாது, ரத்தக்கசிவையும் சிறுநீரகத்தையும் ஆஸ்பத்திரியில்தான் கவனிக்க முடியும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர், அதில் 40 கொண்டை ஊசி வளைவு. ராத்திரியில் அந்த ரோட்டில் யானை நின்றால் அதோடு சரி. மலைமேல் இருப்பவர் முதலில் பக்கத்து வைத்தியரிடம் போவதற்கு நம்பிக்கையைவிட இந்த ரோடு பெரிய காரணம். நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

வைத்தியர் என்றதும் சடாமுடியோடு ஒருவர் குகையில் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரை காடர் செட்டில்மென்டுகளில் வைத்தியம் ஒரே ஆளிடம் இல்லை. தேன் எடுக்கப் போகிறவருக்குக் குளவிக் கடிக்கும் அட்டைக்கடிக்கும் மருந்து தெரியும், பிள்ளை பெற்ற கிழவிகளுக்குப் பிரசவப் பண்டுவம் தெரியும், மூப்பனுக்கு மந்திரமும் தெரியும். முட்டிவலிக்கு அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையையும் விழுங்குவார்கள், கருங்குங்கிலியப் பிசினைப் போட்டுப் புகையும் காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் நாம் பார்க்கும் சண்டை அவர்களிடம் கிடையாது.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மழைக்காட்டு வைத்தியர் கையாளும் செடிகளில் பெரும் பகுதி நடுக்காட்டுச் செடிகளே இல்லை. வீட்டைச் சுற்றி, வழியோரத்தில், எஸ்டேட் ஓரத்தில் முளைக்கும் களைகள்தான் அதிகம். மெக்சிகோவின் மலைநாட்டு மாயா மக்களிடம் கணக்கெடுத்தவர்களும் இதையே கண்டார்கள். நோய் வந்தால் கைக்கு எட்டுவது அதுதான் என்பது ஒரு காரணம். சீக்கிரம் முளைத்துச் சீக்கிரம் மடியும் சிறுசெடிகள் தங்களைக் காத்துக்கொள்ள வீரியமான வேதிப்பொருள்களை நம்பியிருக்கின்றன என்பது இன்னொன்று. வால்பாறையில் வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழியும் இலைகளில் முக்கியமான ஒன்றை மலையாளப் பக்கம் கம்யூனிஸ்ட் பச்சை என்பார்கள். நம் சமவெளியில் அதே வேலைக்கு வேறொரு செடி, வெட்டுக்காயப் பூண்டு. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களைகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கம்யூனிஸ்ட் பச்சை பரவியதெல்லாம் போன நூற்றாண்டில். அப்படியானால் 'ஆயிரம் வருஷத்துப் பாரம்பரிய மூலிகை' என்ற பேச்சு என்ன ஆவது? எனக்கென்னவோ இதுதான் அவர்கள் அறிவுக்குச் சரியான சான்றாகப் படுகிறது. புதிதாக வந்த செடியைக் கசக்கிப் பார்த்து, ரத்தம் நிற்கிறதென்று கண்டுகொண்டு, இரண்டு மூன்று தலைமுறைக்குள் மருந்துப் பெட்டியில் சேர்த்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்ன நோய்க்கே செடி உதவ வேண்டும் என்றும் இல்லை. பாம்புக்கடிக்கும் மனப்பிறழ்வுக்கும் கொடுத்த சர்ப்பகந்தியிலிருந்து 1952இல் ரெசர்பின் பிரிந்தது. பாம்புக்கடிக்கு ஆகவில்லை, ரத்த அழுத்தத்துக்கு ஆனது. அதற்கு மூன்று வருஷம் முன்பே பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் அந்த வேரை ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியிருந்தார். இன்னொரு பக்கம், நம் மலைத்தொடரில் வளரும் நோத்தபோடைட்டிஸ் என்ற சிறுமரத்தில் புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான கேம்ப்டோதீசின் நிறைய இருப்பதை 1972இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் கண்டார்கள். அது சோதனைக்கூடம் கண்டது. இலை மென்று பார்த்துப் புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. மழைக்காட்டு மருந்துகளில் உலகையே மாற்றியது சின்கோனா மரப்பட்டை. ஆண்டீஸ் மலைச் சரிவுகளிலிருந்து கிளம்பி, 1820இல் பிரான்சில் குவினைனாகப் பிரிந்து, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் தோட்டமாக வந்தது. வால்பாறையைத் தாண்டிப் போனால் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. இன்று அங்கே தேயிலைதான்.

அறிவு அவர்களுடையது என்றால் பணம் யாருக்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கோயமுத்தூர்க்காரன் என்பதால் சொல்லாமல் விட மனசில்லை. 1987 டிசம்பரில் அகத்தியமலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிக்காரர் என்ற பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் நடப்பதற்கு ஒரு சிறு காயை மென்றுகொண்டே வந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி. விஞ்ஞானி புஷ்பாங்கதன் தலைமையில், கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரத் தோட்டத்தார் அதோடு வேறு மூன்று மூலிகை சேர்த்து 'ஜீவனி' என்று மருந்து செய்தார்கள். 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியது கோயமுத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸி. உரிமத்துக்கு 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம், அதில் பாதி காணிக்காரர்களுக்கு. 1997இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளையும் பதிவானது. உயிர்ப்பன்மைச் சட்டம் 2002இல்தான் வந்தது, அதற்கு முன்பே இப்படி ஒரு பங்கீடு நடந்தது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். நடைமுறை அவ்வளவு சுகமாக இல்லை. இலை பறிக்க வனத்துறை தடை போட்டது, காணிக்காரர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் விஷயமே தெரிந்திருந்தது. 2006 வன உரிமைச் சட்டம் தங்கள் பாரம்பரிய அறிவின் மீது பழங்குடிச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. நாம் போனில் வீடியோ எடுத்து 'காடர் ரகசிய மருந்து' என்று போடும்போது அந்த உரிமையில்தான் கை வைக்கிறோம்.

கடைசியாக, தோப்பில் வைக்கலாமா என்று கேட்டீர்கள். கீழாநெல்லியை வைக்கவே வேண்டாம், மழை பெய்தால் உங்கள் தென்னந்தோப்பில் வாய்க்கால் ஓரமாகத் தானே முளைக்கும். களைக்கொல்லி அடித்த தோப்பு என்றால் பறிக்காதீர்கள். ஆடாதொடை, நொச்சி, துளசி, கற்பூரவல்லி வைத்துக்கொள்ளுங்கள், சளி இருமலுக்கு வீட்டளவில் போதும். மரமஞ்சள் நடக்கிற காரியமில்லை. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய்க்கவே பதினைந்து வருஷம் போல ஆகும். வருஷம் முழுக்க ஈரமும் ஏறிப் படரப் பெரிய மரமும் வேண்டும். மலை மழையை மறைத்துவிடும் பொள்ளாச்சிச் சமவெளி வெயிலில் அது தங்காது. மேலே காட்டிலேயே வெட்டி வெட்டி அருகிப்போய்விட்டது. யாராவது கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். புலிகள் காப்பகத்திலிருந்து வந்ததாக இருந்தால் வாங்கியவருக்கும் வழக்கு வரும்.

இவ்வளவு படித்த பிறகும் வீட்டுப் பெரியவர்கள் கேட்காமல் மாமாவுக்கு ஏற்கனவே ஏதாவது கொடுத்திருந்தால் சண்டை போட வேண்டாம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கொடுத்த இலையில் பூவோ காயோ இருக்கும் கிளை ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துப் புத்தகம் ஏற்றி அமுக்குங்கள். எங்கே, எந்தத் தேதியில் பறித்தது, எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். அதை டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகம் இருக்கிறது, அங்கே ஒப்பிட்டுப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். பொடியாகவோ கஷாயமாகவோ கொடுத்திருந்தால் வைத்தியரையே கேளுங்கள். முகத்துக்கு நேரே மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.